எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, குறைப்பதா? அம்மாவின் அல்சைமரும் ஒரு காய்ச்சலும்

கேள்வி:

என் அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். போன மாதம் வரை சாமி விளக்கு ஏற்றுவார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தட்டில் போட்டுக் கொடுத்தால் தானே சாப்பிடுவார். ஒரு நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. எப்போதோ இறந்துபோன எங்கள் பாட்டி வாசலில் நிற்பதாகச் சொல்லி அழுதார். மறுநாள் பேச்சே குறைந்துவிட்டது. வியாதி முற்றிவிட்டது என்றுதான் நினைத்தோம். நான்காவது நாள் காய்ச்சல் அடித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அம்மா பழையபடி இல்லை.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. எதிர்ப்பு சக்தி இல்லாததால்தான் இப்படி ஆனது என்று அத்தை இரண்டு வேளையும் சீந்தில் கசாயம் கொடுக்கிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணனோ, எதிர்ப்பு சக்தி மூளையையே தாக்குவதால் வருவதுதான் அல்சைமர், அதை அடக்க ஸ்டீராய்டு மாதிரி ஏதாவது கேள் என்கிறான். யார் சொல்வது சரி? வெளிநாட்டில் வந்திருக்கும் புது ஊசி அம்மாவுக்கு ஆகுமா? தடுப்பூசி போட்டால் வியாதி கூடிவிடுமா? எனக்கு 48 வயது. எனக்கும் இது வருமா?

— திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

உங்கள் அண்ணன் படித்தது பொய் இல்லை. அத்தை சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆனால் இருவரும் சொல்கிற வைத்தியம் இரண்டுமே அம்மாவுக்கு வேண்டாம். கசாயத்தை இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் அடுத்த முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது நான்கு நாள் காத்திருக்க மாட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் அதுதான்.

நம் உடம்பின் மற்ற பாகங்களில் நோயை எதிர்ப்பது ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்கள். மூளைக்குள் அவை அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது. அங்கே அந்த வேலைக்கென்று தனி செல்கள் இருக்கின்றன. மைக்ரோகிளியா என்று பெயர். மூளைச் செல்களில் சுமார் 10 சதவீதம் இவைதான். கரு உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே மூளைக்குள் குடியேறி, ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பவை. செத்த செல்லை அகற்றுவது, கிருமி வந்தால் விழுங்குவது, சேரக்கூடாத புரதம் சேர்ந்தால் அப்புறப்படுத்துவது எல்லாம் இவற்றின் பொறுப்பு.

1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் அலோய்ஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அந்தப் பெண் நோயாளியின் மூளையில் படிவுகளையும் முறுக்கிய இழைகளையும் கண்டதோடு, நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் (மைக்ரோகிளியாவும் இதில் ஒரு வகை) மாறியிருப்பதையும் அவர் கவனித்திருந்தார். பிறகு வந்தவர்கள் படிவையும் இழையையும்தான் பிடித்துக்கொண்டார்கள். படிவு என்பது அமைலாய்டு புரதம், இழை என்பது டௌ புரதம். மைக்ரோகிளியா அங்கே சும்மா கூடி நிற்கிற கூட்டம் என்றே பல காலம் எண்ணப்பட்டது.

அதை மாற்றியது மரபணு ஆராய்ச்சி. 2012 இறுதியில் ஐஸ்லாந்து மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்றும், பல நாட்டு நோயாளிகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வும் ஒரே நேரத்தில் வெளியாயின. டிரெம்2 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது என்று இரண்டும் காட்டின. மூளைக்குள் அந்த மரபணு வேலை செய்யும் இடம் முக்கியமாக மைக்ரோகிளியாதான். அப்படியானால் இந்தச் செல்கள் வேடிக்கை பார்ப்பவை அல்ல, நோய் வருவதையே முடிவு செய்பவற்றில் ஒன்று.

இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டு இரண்டு கட்சிக்கும் பதில் இருக்கிறது. அந்த மரபணு மாற்றம் மைக்ரோகிளியாவை வெறிகொள்ள வைப்பதில்லை, மந்தமாக்குகிறது. நன்றாக வேலை செய்யும் மைக்ரோகிளியா அமைலாய்டு படிவைச் சுற்றி நெருக்கி நின்று, அது பக்கத்து நரம்பைக் கெடுக்காமல் இறுக்கிவைக்கிறது. மந்தமானவை அதைச் செய்யத் தவறுகின்றன. ஆக, மூளைக்குள் எதிர்ப்பு குறைந்தாலும் ஆபத்து. இது அத்தை பக்கம். இன்னொரு பக்கம், 2016இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் ஸ்டீவன்ஸ் குழு எலிகளில் ஒன்றைக் கண்டது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகள் மீது சி1க்யூ என்ற எதிர்ப்புப் புரதம் போய் ஒட்டுகிறது. அடையாளம் போட்ட இணைப்பை மைக்ரோகிளியா தின்றுவிடுகிறது. படிவு உருவாகும் முன்பே இது நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் தேவையற்ற இணைப்புகளைக் கழித்துவிட இருக்கும் ஏற்பாடு இது. முதுமையில் அதே கத்தி வேண்டிய இணைப்பையும் வெட்டுகிறது. இது அண்ணன் பக்கம்.

ஒரே செல், ஒரு கட்டத்தில் காப்பாற்றுகிறது, இன்னொரு கட்டத்தில் கெடுக்கிறது. மொத்தமாகக் கூட்டவோ குறைக்கவோ இதில் இடம் இல்லை.

அண்ணனுடைய யோசனை அவருக்கு மட்டும் தோன்றியது அல்ல, பெரிய மருத்துவர்களுக்கும் தோன்றியதுதான். முடக்குவாதத்துக்கு வருஷக்கணக்கில் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருவதாக 1990களில் பல ஆய்வுகள் சொல்லின. நம்பிக்கையோடு சோதித்தார்கள். நாப்ராக்சன், செலிகாக்சிப் இரண்டையும் வைத்து அமெரிக்காவில் 2,500க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த தடுப்பு ஆய்வில், மாத்திரை கொடுப்பது 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இதயம் பற்றிய பயம் ஒரு காரணம். பிறகு கணக்குப் பார்த்தபோதும் நினைவாற்றலுக்கு லாபம் இல்லை. அல்சைமர் நோயாளிகளுக்கு ஒரு வருஷம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தும் பார்த்தாயிற்று. மறதி குறையவில்லை, நடத்தைக் கோளாறு கூடியதுதான் மிச்சம். உங்கள் அம்மா வயதில் ஸ்டீராய்டு என்றால் சுகர் ஏறும், எலும்பு தேயும், இன்ஃபெக்‌ஷன் சுலபமாக வரும். இப்போது வந்ததே இன்ஃபெக்‌ஷனால்தான்.

சீந்தில் விஷயம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு இதைக் காய்ச்சினார்கள். அதன்பின் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் மூலிகையை, எதிர்ப்பு செல்களே தாறுமாறாகிக் கிடக்கும் ஒருவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? மஞ்சளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமினை அல்சைமர் நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்ததே சொற்பம், பலன் இல்லை. குழம்பில் போடுகிற மஞ்சள் போதும். அத்தை அக்கறையில்தான் செய்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். கசாயத்துக்குப் பதில் வேறொரு பொறுப்பைக் கொடுங்கள்: காலையிலிருந்து இரவு வரை அம்மா எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எத்தனை முறை பாத்ரூம் போனார், மலச்சிக்கல் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுவது. இந்த மூன்றும் சரியாக இருந்தாலே யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும் வாய்ப்பு குறையும். கசாயத்தைவிட இது பெரிய வைத்தியம்.

இனி அந்தக் காய்ச்சலுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததற்கு டெலிரியம் என்று பெயர். நம் பாட்டிமார் ஜன்னி என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். சிறுநீர்ப் பையில் கிருமி இருக்க, மூளை ஏன் கலங்குகிறது? கிருமி மூளைக்குப் போகவில்லை. கிருமியோடு போராடும்போது உடம்பு டிஎன்எஃப், இன்டர்லூக்கின் போன்ற ரசாயனங்களை ரத்தத்தில் விடுகிறது. அந்தச் செய்தி ரத்தம் வழியாகவும் உள்ளுறுப்புகளையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் என்ற நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது. காய்ச்சலில் நமக்கும் சோர்வும் பசியின்மையும் வருவது அதனால்தான். நமக்கு அதோடு போய்விடும். அல்சைமர் உள்ளவரின் மைக்ரோகிளியா, ஏற்கெனவே பல நாள் தூங்காமல் தடியோடு நிற்கும் காவல்காரரைப் போல, சின்னச் சத்தத்துக்கும் ஓங்கி அடிக்கிறது. அடி விழுவது நரம்பு இணைப்புகள் மேல்.

இது வெறும் ஊகம் இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழு ஏறத்தாழ 300 அல்சைமர் நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 2009இல் எழுதியது. இடையில் சளிக்காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ அதுபோன்ற வேறு ஒன்றோ வந்தவர்களுக்கு நினைவாற்றல் சரிந்த வேகம், வராதவர்களைப் போல இரண்டு மடங்கு. ஆரம்பத்திலேயே ரத்தத்தில் டிஎன்எஃப் அளவு அதிகம் இருந்தவர்களுக்கு நான்கு மடங்கு. இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், மூளைக்குள் நாம் கைவைக்க முடியாது, வெளியே இருக்கும் உடம்பில் கைவைக்க முடியும் என்பதுதான்.

அம்மா பழையபடி ஆவாரா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. டெலிரியம் தெளிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ஒரு மாதத்தில் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். கொஞ்சம் மீளுவார் என்றே எதிர்பார்க்கலாம். முழுக்க மீளாமல் போகவும் கூடும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்த நாட்களில் பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் போட்டுவிடுங்கள். ஆள் மாறி மாறி வராமல் பழகிய ஒருவரே பக்கத்தில் இருக்கட்டும். பாட்டி வந்தாள் என்றால், இல்லை, செத்துப்போய்விட்டாள் என்று வாதாட வேண்டாம். இரவில் தூங்கவில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது; குழப்பம் கூடும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். ஆஸ்பத்திரியில் யூரின் ட்யூப் போட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருந்தால், எப்போது எடுக்கலாம் என்று நாளையே போய்க் கேளுங்கள். பராமரிப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அடுத்த இன்ஃபெக்‌ஷன் அந்தக் குழாய் வழியாகத்தான் வரும்.

அடுத்த முறை எப்படிக் கண்டுபிடிப்பது? வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலே தொற்று இருக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இப்போது நன்றாக இருக்கும் நாட்களில் சில தடவை தெர்மாமீட்டர் வைத்து, அம்மாவின் வழக்கமான அளவைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலே அவருக்கு அது காய்ச்சல்தான். அதைவிட முக்கியமாக, அல்சைமர் மெதுவாக முற்றும் நோய். ஓரிரு நாளில் ஆள் தலைகீழாக மாறினால் அது அல்சைமர் முற்றியதல்ல, வேறு எதுவோ. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தூக்கம் தலைகீழாவது, இல்லாததைக் காண்பது, வழக்கத்துக்கு மாறாக மந்தமாகிப் படுத்தே கிடப்பது எல்லாம் அறிகுறி.

இதில் ஒரு எதிர்ப்பக்கமும் உண்டு. மாதாமாதம் யூரின் டெஸ்ட் எடுத்து, பஸ் செல் (சீழணு) இருக்கிறது, கிருமி வளர்ந்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வயதான பெண்களுக்குத் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம், அதற்கு மருந்து தேவையில்லை. எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, உடல்நிலையில் திடீர் சரிவு என்று ஏதாவது இருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம்.

சிறுநீரை மட்டும் பார்க்க வேண்டாம். வாயைப் பாருங்கள். ஆடும் பல், ஈறில் சீழ், கழற்றாத பல்செட் எல்லாம் நாள்பட்ட வீக்கத்தின் ஊற்று. படுத்தபடி ஊட்டினால் சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக. முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள்.

சளி பிடித்தால் கடையில் வாங்கும் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. அவில் போன்ற மாத்திரைகள், குளோர்பெனிரமின் கலந்த சளி சிரப், சிறுநீர் அடிக்கடி வராமல் இருக்கக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை அல்சைமர் மாத்திரை செய்கிற வேலைக்கு நேர் எதிரான வேலையைச் செய்பவை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல. அம்மா சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

தடுப்பூசி போட்டால் வியாதி கூடுமா என்ற பயம் தேவையில்லை. ஊசி போட்ட ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல், கொஞ்சம் சோர்வு வரலாம். அது தவிர்க்கும் நிமோனியாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி இரண்டும் அம்மாவுக்குப் போடலாம். இப்போதைய தொற்று முழுக்க அடங்கட்டும், பிறகு போடுங்கள்.

மூன்றாவதாக அக்கி ஊசி. அக்கி வந்தால் குயவர் வீட்டில் போய்க் காவி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம், அந்த அக்கியேதான். அதற்கும் மறதி நோய்க்கும் என்ன சம்பந்தம்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி கிடைத்தது. அதற்கு முந்தைய நாள் வரை பிறந்தவர்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. சில நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள் மற்ற எல்லா விதத்திலும் ஒரே மாதிரிதானே இருப்பார்கள்? அரசாங்க விதியே ஒரு பரிசோதனையாகிவிட்டது. ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைவு; பெண்களிடம் பலன் இன்னும் தெளிவு. இந்த ஆய்வு 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. நரம்பில் ஒளிந்திருக்கும் அக்கி வைரஸ் தலைதூக்காததால் இந்தப் பலனா, அல்லது தடுப்பூசி எதிர்ப்பு மண்டலத்தையே வேறு விதத்தில் பழக்குவதாலா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. வேல்ஸில் போட்டது பழைய வகை ஊசி. இந்தியாவில் இப்போது கிடைப்பது ஷிங்ரிக்ஸ் என்ற புது வகை, 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. விலை அதிகம். அக்கியும் அதன்பின் வரும் நரம்பு வலியும் வராமல் தடுக்கும் என்பதற்காகவே போடலாம். அல்சைமரைக் குணப்படுத்தும் என்று எண்ணிப் போட வேண்டாம்.

வெளிநாட்டுப் புது ஊசிகளும் எதிர்ப்பு மண்டலத்தைப் பயன்படுத்துபவைதான். அமைலாய்டின் மீது எதிர்ப்புப் புரதம் ஒட்டினால் மைக்ரோகிளியா அதை அடையாளம் கண்டு விழுங்கும் என்பது கணக்கு. இதே எண்ணத்தில் 2000களின் தொடக்கத்தில் ஒரு தடுப்பூசியைச் சோதித்தபோது, போட்டுக்கொண்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில் அழற்சி வந்து, 2002இல் நிறுத்தினார்கள். இப்போது உடம்பைத் தூண்டாமல், வெளியே தயாரித்த எதிர்ப்புப் புரதத்தையே ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். லெகனமாப் 2023இலும் டோனனமாப் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. லெகனமாப் ஆய்வில் 1,795 பேர். 18 மாதத்தில் நோய் நகர்ந்த வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று விளம்பரப்படுத்தினார்கள். 18 புள்ளி கொண்ட அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி. குடும்பத்தார் கண்ணுக்கு அது தெரியுமா என்பதே விவாதம். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் நீர்க்கோத்தது, பெரும்பாலும் ஸ்கேனில் மட்டும் தெரிந்த அளவில், சிலருக்கு ரத்தக்கசிவும். அதனால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அறிமுகமானபோது அமெரிக்காவில் ஆண்டுக்கு 26,500 டாலர் விலை வைத்தார்கள். இதெல்லாம் ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் மட்டுமே சோதிக்கப்பட்டது. உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். நிலத்தை விற்றாவது போடலாமா என்று யாராவது வீட்டில் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தில் பகலில் ஒரு நல்ல பராமரிப்பாளரை அமர்த்துங்கள். உங்களுக்கும் தூக்கம் வேண்டும்.

உங்களுக்கும் வருமா? 70 வயதை ஒட்டி ஒருவருக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுகிறது, அவ்வளவுதான். வந்தே தீரும் என்றில்லை. ஆன்லைனில் விற்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துப் பயந்துகொள்ளாதீர்கள், அந்த ரிப்போர்ட்டை வைத்து இன்றைக்கு உங்களுக்குச் செய்யப்போவது வேறு எதுவும் இல்லை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று காது. நடுத்தர வயதில் காது மந்தமாவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் யாராவது உங்களிடம் சொல்ல ஆரம்பித்திருந்தால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஆடியோகிராம் என்ற காது கேட்கும் திறன் பரிசோதனை எடுங்கள்.